மூட்டைத் தீவனத்தைக் குதிரை தின்றுவிட்டால்: நொண்டும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டம். அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய 7 வயதுப் பெண்குதிரை இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தீவன அறைக்குள் போய், மாட்டுக்கு வைத்திருந்த உடைத்த மக்காச்சோளத்தைத் தின்றுவிட்டது. விடிகாலை 5 மணிக்குப் பார்த்தோம். மூட்டையில் ஆறேழு கிலோ குறைந்திருந்தது. குதிரை நன்றாகத்தான் நின்றது, லத்தியும் போட்டது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொன்னபடி விளக்கெண்ணெயும் சமையல் சோடாவும் கலந்து மூங்கில் குழாயில் ஊற்றினோம். அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் லத்தி கழிச்சலாகப் போனது. மூன்றாம் நாள் முன்னங்கால் ஊன்ற முடியாமல் பின்னால் சாய்ந்து நின்றது. மூன்று வாரமாகியும் அப்படியே இருக்கிறது. எங்கே தப்பு செய்தோம்? இனி ஓடுமா?

பதில்: உங்கள் குதிரைக்கு வந்திருப்பது லேமினைடிஸ். குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் குளம்பு எலும்பையும் பிணைத்துப் பிடிக்கும் தகடுகள் அழற்சியால் விட்டுப்போகும் நோய் அது. நோய் வெளியே தெரிந்தது மூன்றாம் நாள் என்றாலும் தொடங்கியது முதல் நாள் இரவே. "நன்றாகத்தான் நின்றது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பகல் பொழுதுதான் வைத்தியம் பலிக்கும் நேரமாக இருந்தது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாடு வளர்த்துப் பழகிய எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கல்யாண வீட்டுச் சோற்றையோ கஞ்சியையோ மாடு அளவுக்கு மீறித் தின்றால் சில மணி நேரத்தில் வயிறு அசைவற்றுப் போகும், அசைபோடுவது நிற்கும். தீவனம் புளிக்கும் இடமான முதல் வயிறு வாய்க்கு அடுத்தே இருப்பதால் கோளாறு உடனே தெரியும். வாய் வழியாகக் கொடுக்கும் சோடாவும் நேரே அங்கே போய்ச் சேரும். குதிரைக்கு அமைப்பே வேறு. இரைப்பை சின்னது, பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதன்பின் நீண்ட சிறுகுடல். அதையும் தாண்டித்தான் நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்கவைக்கும் பெருங்குடல் தொட்டி இருக்கிறது. வாயில் ஊற்றும் சோடா அங்கே போவதற்குள் இரைப்பை அமிலத்திலேயே தீர்ந்துவிடும்.

சிறுகுடல் ஒரு வேளைக்கு இவ்வளவு மாவுச்சத்தைத்தான் செரிக்கும் என்று ஒரு எல்லை உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. உங்கள் குதிரை சுமார் 300 கிலோ இருக்கும் என்று எடுத்துக்கொண்டால், ஒரு வேளைக்கு 300 கிராம் மாவுச்சத்து. மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் மாவுச்சத்து இருப்பதால், ஒரு வேளைக்கு 430 கிராம் சோளம்தான் தாங்கும். அன்று ராத்திரி அது தின்றது ஆறரைக் கிலோ என்றால் நாலரைக் கிலோ மாவுச்சத்து, அதாவது 15 மடங்கு. ஆய்வுக்கூடங்களில் லேமினைடிஸைச் செயற்கையாக வரவழைக்கப் பல ஆண்டுகள் பயன்படுத்திய மாவுக் கலவையின் அளவு கிலோ எடைக்கு 17.6 கிராம். அதில் 85 சதவீதம் மக்காச்சோள மாவுச்சத்து. கணக்குப் போட்டால் உங்கள் குதிரை தின்றதும் அதே அளவுதான். இதைவிடக் குறைவாகத் தின்று கால் போன குதிரைகளும் உண்டு, குறிப்பாக உடல் கொழுத்தவை. மக்காச்சோள மாவுச்சத்து சிறுகுடலில் எளிதில் செரிக்காது என்பது இன்னொரு கேடு. ஓட்ஸாக இருந்திருந்தால் பெரும்பகுதி மேலேயே செரித்திருக்கும்.

செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போனதும், புளிப்பை உண்டாக்கும் கிருமிகள் மணிக்கணக்கில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. நார்ச்சத்தைச் செரிக்க உதவும் நல்ல கிருமிகள் அந்தப் புளிப்பில் செத்து, அவற்றின் உடற்சுவரிலிருந்து நஞ்சு வெளியாகிறது. குடல் சுவர் வெந்து இளகுவதால் அந்த நஞ்சு ரத்தத்தில் கலக்கிறது. மறுநாள் பார்த்த கழிச்சல் அதன் அடையாளம், மூக்கைத் துளைக்கும் புளித்த வாடையும் இருந்திருக்கும். ரத்தத்தில் கலந்தது குளம்பை எட்டியதும் அங்குள்ள தகடுகளின் பிடிப்பு அறுகிறது. ஒவ்வொரு குளம்பிலும் 550 முதல் 600 வரை முதன்மைத் தகடுகள் உண்டு. குதிரையின் மொத்த எடையும் இந்தத் தகடுகளில்தான் தொங்குகிறது. பிடிப்பு விட்டதும், மேலிருந்து எடை அழுத்த, பின்னாலிருந்து தசைநாண் இழுக்க, எலும்பின் முனை கீழ்நோக்கிச் சாய்ந்து உள்ளங்குளம்பைக் குத்துகிறது. தின்றதிலிருந்து நொண்டுவது வரை பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டரை நாள் ஆகும்.

அன்று காலை 5 மணிக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். அதே குதிரையோ பக்கத்து வீட்டுக் குதிரையோ நாளைக்கு இப்படி நிற்கலாம்.

முதலில் அறையிலிருந்து வெளியே கொண்டுவந்து, கண்ணில் படும் தீவனம் எல்லாவற்றையும் அகற்றுங்கள். வைக்கோல், தட்டைகூட டாக்டர் பார்க்கும்வரை வேண்டாம். அறிகுறி வருமா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஊரில் யாரும் கிடைக்காவிட்டால் 1962 என்ற அவசர ஊர்தி எண் இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்குப் போவதானால் குதிரையை வண்டியில்தான் ஏற்ற வேண்டும்.

டாக்டர் கேட்கும் விவரங்களைத் தயாராக வையுங்கள். எந்தத் தானியம், முழுசா உடைத்ததா மாவா, எத்தனை கிலோ குறைந்தது. மீதியை எடை போட்டுச் சொல்வது நல்லது. எப்போது தின்றது என்பதில் மோசமான கணக்கையே எடுங்கள். இரவு 10 மணிக்குக் கடைசியாகப் பார்த்திருந்தால், காலை 5 மணிக்கு ஏழு மணி நேரம் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மருந்து அளவுக்கு உடல் எடையும் தேவை. தையல் டேப்பால் முன்னங்கால் உடலோடு சேரும் இடத்துக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, தோள்முனையிலிருந்து பிட்டத்து முனைவரை நீளமும் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலும் பிறகு நீளத்தாலும் பெருக்கி 11,880 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். அளவெல்லாம் சென்டிமீட்டரில். சுற்றளவு 155, நீளம் 148 என்றால் எடை 299.

தீவனத்தோடு வந்த லேபிளையும் எடுத்துக் காட்டுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல்லடம், நாமக்கல் பக்கங்களில் குதிரை இருக்கும் தோட்டத்திலேயே கோழித் தீவனமும் இருக்கும். கோழிகளின் ரத்தக் கழிச்சல் நோய்க்காக அதில் சேர்க்கும் மோனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசையையே அழிக்கும். மோனென்சின் கிலோ எடைக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் போனாலே உயிர் போய்விடலாம். அப்படித் தின்றிருந்தால் மாவுச்சத்துக் கணக்கு இரண்டாம் பட்சம். குதிரையை ஓர் அடிகூட நடக்கவிடாமல் டாக்டரிடம் முதல் வாக்கியமாக இதைத்தான் சொல்ல வேண்டும். பூசணம் பிடித்த மக்காச்சோளமும் தனி ஆபத்து. அதிலுள்ள நஞ்சு மூளையைத் தாக்கும்.

தண்ணீரை முழுக்க நிறுத்துவது பழைய பழக்கம். டாக்டர் வரும்வரை ஒரு வாளியை முன்னால் வைத்துவிடாமல், ஒன்றிரண்டு லிட்டராக இடைவெளி விட்டுக் காட்டலாம். மூக்கிலிருந்து தீவனம் கலந்த நீர் வழிந்தால் மட்டும் ஒரு சொட்டும் கூடாது. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடம் அவ்வளவு இறுக்கமானது. அதையும் மீறி மூக்கு வழியாக வருகிறதென்றால் இரைப்பை வெடிக்கும் நிலையில் இருக்கிறது என்று பொருள். காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, வியர்ப்பது, நாய்போல் உட்காருவது எல்லாம் வயிற்றுவலி. அப்படி உருண்டு புரண்ட குதிரை திடீரென்று அமைதியாகி, உடல் சில்லிட்டு வியர்த்து நின்றால் "வலி விட்டது" என்று நினைத்துவிடாதீர்கள். இரைப்பை கிழிந்தபின் வரும் அமைதியும் அப்படித்தான் இருக்கும்.

புரளப் பார்க்கும் குதிரையைப் பத்து நிமிடம் மெதுவாக நடத்தலாம். ஓட்டக் கூடாது. கால் சூடு தட்டிவிட்டால் நடையும் கூடாது, ஒவ்வொரு அடியும் தகட்டைக் கிழிக்கும்.

மூங்கில் குழாய்க்கு வருகிறேன். தலையைத் தூக்கிப் பிடித்து எண்ணெய் ஊற்றும்போது அது நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். எண்ணெய் இருமலைத் தூண்டாது, போவதே தெரியாது. அதனால் வரும் நிமோனியாவிலிருந்து குதிரை மீள்வது கடினம். உங்கள் குதிரை அதில் தப்பித்திருக்கிறது. மூச்சு வேகமோ, மூக்கில் நாற்றமோ இருந்ததா என்று மட்டும் நினைத்துப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். விளக்கெண்ணெய்க்கு இன்னொரு குற்றமும் உண்டு. குதிரைகளின் பெருங்குடலில் செயற்கையாக அழற்சி உண்டாக்கி ஆராய்வதற்கே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் குடலில் அதை ஊற்றக் கூடாது. வயிறு உப்பினால் மாட்டுக்குப் போல விலாவில் குத்திக் காற்றெடுப்பதையும் வீட்டில் யாரும் முயலாதீர்கள்.

டாக்டர் வந்தால் முதல் வேலை, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விடுவது. அழுத்தம் இருந்தால் காற்றும் புளித்த நீரும் தானாக வெளியேறும். தின்று சில மணி நேரமே ஆகியிருந்தால் வெதுவெதுப்பான நீர் விட்டுத் திரும்பத் திரும்ப இறக்கிக் கழுவலாம். உடைத்த சோளம் நொய்போலக் குழாயை அடைக்கும் என்பதால் பொறுமை வேண்டும். இரைப்பை காலியாக இருந்தால் அதே குழாயில் கிலோ எடைக்கு 10 மில்லி வரை லிக்விட் பாரஃபினோ, 1 கிராம் வீதம் மருந்துக்கரியோ கொடுப்பார். உங்கள் குதிரைக்கு அது 3 லிட்டர் அல்லது 300 கிராம். நஞ்சின் வேகத்தைக் குறைக்க ஃப்ளூனிக்ஸின் ஊசி. இதை ரத்தக் குழாயில்தான் போட வேண்டும், தசையில் போட்டால் குதிரைக்குக் கொடிய சீழ்ப்புண் வருவதுண்டு. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசியை இந்த நிலையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், அதுவே லேமினைடிஸைக் கிளப்பும். மெடிக்கலில் கிடைக்கும் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் ஊசியும் வேண்டாம். அந்த ஊசி போட்ட கால்நடைகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் செத்ததால் 2006 முதல் கால்நடைக்கு அந்த மருந்து தடை. மாயாறு பள்ளத்தாக்கில் அந்தக் கழுகுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. வயிறு சரியானதும் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள், கால்கள் மறந்துபோகின்றன. குதிரை நன்றாக நிற்கும்போதே நான்கு கால்களையும் ஐஸ் தண்ணீரில் நிறுத்த வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் வான் எப்ஸ், பாலிட் இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், நோயை வரவழைத்த குதிரைகளுக்கு ஒரு முன்னங்காலை மட்டும் 48 மணி நேரம் ஐஸில் வைத்தார்கள். அந்தக் குளம்பின் தகடுகளில் சேதம் மிகக் குறைவாக இருந்தது, அதே குதிரையின் மற்ற கால்களில் அப்படியில்லை. குளிர் ரத்த ஓட்டத்தையும், தகட்டை அறுக்கும் நொதிகளின் வேலையையும் மந்தமாக்குகிறது.

இதை நம் ஊரில் செய்ய முடியும். மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் தரும் கம்பெனியில் பார் ஐஸ் வாங்கிச் சாக்கில் கட்டி உடைத்துக்கொள்ளுங்கள். தடித்த பிளாஸ்டிக் பையை, இல்லாவிட்டால் அடிப்பக்கம் கட்டிய லாரி டியூபை, குளம்பிலிருந்து முட்டிக்குச் சற்றுக் கீழே வரும்வரை காலில் மாட்டி, உடைத்த ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி நிரப்புங்கள். வெறும் ஐஸ் கட்டிகள் தோலோடு ஒட்டாது, தண்ணீர் சேர்ந்தால்தான் குளிர் சுற்றிப் பிடிக்கும். ஒன்றிரண்டு மணிக்கொரு முறை கையை விட்டுப் பாருங்கள். ஐஸ் மிதக்க வேண்டும், கரைந்திருந்தால் நிரப்புங்கள். இப்படி இரவு பகலாக 48 முதல் 72 மணி நேரம். கிணற்றடியில் அரை மணி நேரம் தண்ணீர் பாய்ச்சுவது இதற்கு ஈடாகாது. நான்கு காலுக்கும் ஆள் இல்லையென்றால் முன்னங்கால் இரண்டையாவது விடாதீர்கள், எடையில் பெரும்பங்கு அங்கேதான். நொண்டத் தொடங்கியபின் வைத்தாலும் முதல் நாட்களில் பயன் உண்டு. மூன்று வாரத்துக்குப் பிறகு இல்லை.

அந்த மூன்று நாளும் நான்கு மணிக்கொரு முறை நாடி பாருங்கள். இடது முன்னங்கால் உடலோடு சேரும் இடத்துக்குப் பின்னால் நெஞ்சில் கை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44. அறுபதைத் தாண்டினால் நிலைமை மோசம், எண்பது என்றால் உயிருக்கே ஆபத்து. ஈறு இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். செங்கல் நிறமோ, பல் ஓரத்தில் ஊதாக் கோடோ தெரிந்தால் நஞ்சு ரத்தத்தில் ஏறிவிட்டது. குளம்புக்கு மேலுள்ள கணுவின் பின்பக்கம் இரு ஓரத்திலும் விரல் வைத்தால் ஒரு நாடி மெல்லியதாகத் தட்டும். பல குதிரைகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல நாளிலேயே இதைத் தொட்டுப் பழகுங்கள். அது விரலை முட்டித் தள்ளுவதுபோல் துடித்தால் நொண்டுவதற்கு முன்பே நோய் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி உங்கள் குதிரையின் இன்றைய நிலை. மூன்று வாரமாகியும் முன்னங்காலை முன்னே நீட்டிக் குதிகாலில் எடையை வைத்து நிற்கிறது என்றால் எலும்பு இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. எவ்வளவு என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும். இரண்டு முன்னங்குளம்புக்கும் பக்கவாட்டில் எடுக்கச் சொல்லுங்கள். குளம்புச் சுவருக்கும் எலும்புக்கும் இடையே எத்தனை டிகிரி விலகல், எலும்பு முனைக்குக் கீழே உள்ளங்குளம்பு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்ற இரண்டும் தெரிய வேண்டும். அந்தப் படத்தைப் பார்க்காமல் லாடக்காரர் கத்தி வைக்கக் கூடாது. பிறகு டாக்டரும் லாடக்காரரும் சேர்ந்து நின்று, குளம்பின் முன்முனை நீளத்தைக் குறைத்து, எடை பின்பகுதிக்குப் போகும்படி திருத்துவார்கள். சாதாரண லாடம் இப்போது காலில் இருந்தால் அது எடையை நோயுள்ள சுவரிலேயே ஏற்றிக்கொண்டிருக்கிறது.

அதுவரை ஓர் அடி ஆழத்துக்கு மணல் போட்ட இடத்தில் நிறுத்துங்கள். மணல் உள்ளங்குளம்பின் பின்பகுதியைத் தாங்கும், படுக்கவும் சுகமாக இருக்கும். படுத்தால் எழுப்பாதீர்கள், அது படுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் குளம்புக்கு ஓய்வு. தானியம், தவிடு, வெல்லம் எதுவும் வேண்டாம். உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம், அதாவது நாளுக்கு நாலரை முதல் ஆறு கிலோ காய்ந்த புல் நாலைந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள், தாது உப்புக் கலவை சேருங்கள். தேறிக்கொண்டு வந்த குதிரை திடீரென்று ஒரு காலைத் தரையிலேயே வைக்காவிட்டால் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கும். வடித்துவிட்டால் ஓரிரு நாளில் காலை ஊன்றும்.

தீவன அறைக்குக் கதவு மட்டும் போதாது. நாதாங்கியை உதட்டால் தள்ளிவிடும் குதிரைகள் நிறைய, அதனால் கொக்கியோடு பூட்டும் வையுங்கள். உள்ளே சாக்கு மூட்டைக்குப் பதில் வளையம் போட்டு இறுக்கும் மூடியுள்ள 200 லிட்டர் டிரம் வாங்கினால், அறைக்குள் புகுந்தாலும் தின்ன முடியாது. குதிரைக்கு ராத்திரி நீண்ட நேரம் வாய்க்கு ஒன்றும் இல்லாததும் கயிற்றை அவிழ்க்க ஒரு காரணம். கடைசி வேளைப் புல்லை இரவு 9, 10 மணிக்குப் போடுங்கள். கொள்ளு, தவிடு எதையும் படியால் அளக்காமல் தராசில் அளங்கள். ஒரு லிட்டர் கோதுமைத் தவிடு கால் கிலோகூட வராது, அதே லிட்டரில் மக்காச்சோளம் 700 கிராமுக்கு மேல் நிற்கும். தவிடு அளக்கும் படியால் சோளத்தை அளந்து போட்டு மெல்ல மெல்ல இதே நோயை வரவழைப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஓடுமா என்று கேட்டீர்கள். விலகல் சில டிகிரிதான், உள்ளங்குளம்பு தடிமனாக இருக்கிறது என்றால் லேசான சவாரிக்குத் திரும்பிய குதிரைகள் உண்டு. எலும்பு முனை உள்ளங்குளம்பைத் துளைத்திருந்தாலோ, எலும்பு மொத்தமாகக் கீழே இறங்கியிருந்தாலோ நம்பிக்கை குறைவு. அப்போது வலியில்லாமல் வாழவைக்க முடியுமா என்பதைத்தான் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும். மயிர் விளிம்புக்குக் கீழே குளம்பில் அழியாத மையால் ஒரு சின்னக் கோடு போட்டு, மங்கும்போதெல்லாம் அதே இடத்தில் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். புதிதாக வளரும் சுவர் நேராக இறங்குகிறதா, முன்னே வளைகிறதா என்று மாதாமாதம் பார்த்து, 4 முதல் 6 வாரத்துக்கொரு முறை குளம்பைத் திருத்துங்கள். அந்தக் கோடு முன்முனையில் தரையைத் தொட 9 முதல் 12 மாதம் ஆகும். அதற்கு முன் யாரையும் ஏற்ற வேண்டாம்.